ஒன்பது புள்ளி மான்

சாவதற்கு முன்னால் வயோமிங் போய் ஓர் இரலை மானைச் சுட்டுவிடுவது என்று எல்ராய் ஸ்வோபோடா முடிவு செய்தான். அதுவும் சிக்கனமாக.

சாவு, மான், சிக்கனம். மூன்றில் எது அவனுக்கு முக்கியம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஒரு மாவட்டத்தில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன். பனி தள்ளிய சாலையில் உப்பு தூவ வேண்டும். அரசாங்கத்து உப்பு. அதையும் கையை இறுக்கித்தான் தூவுவான். அவன் போன பாதையில் மற்றவர்கள் பாதையைவிடக் கார்கள் சற்று அதிகமாகச் சறுக்கும் என்பது வேறு விஷயம்.

சாவு என்றது பேச்சுக்குச் சொன்னதல்ல. மார்ச் மாதம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். இளம்வயது டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினாள். இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் ஓரிடத்தில் உப்பிக்கொண்டிருக்கிறது, என்றைக்காவது வெடிக்கும், வெடித்தால் இங்கே வந்து சேரக்கூட நேரமிருக்காது, கோடைக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். எல்ராய் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்டோபர் வரைக்கும் தாங்குமா?"

"அக்டோபர்ல என்ன?"

"மான்."

டாக்டரம்மா அந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் ஆச்சரியப்படவில்லை. தாங்கலாம், தாங்காமலும் போகலாம், என் அப்பாவாக இருந்தால் துப்பாக்கியைப் பிடுங்கி வைத்திருப்பேன் என்றாள். எல்ராய் அந்த நீண்ட வாக்கியத்தில் 'தாங்கலாம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஆபரேஷனுக்கு அவன் பயந்தான். பயம் என்றால் வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம். அவனுடைய அண்ணன் லாம்பர்ட்டுக்கும் இதே வியாதிதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், சாயங்காலம் வந்து பசு கறக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனவன். மயக்கம் கொடுத்தார்கள். அந்த மயக்கம் தெளியவே இல்லை. சர்ச் நிலவறையில் துக்கச் சாப்பாடு போட்டார்கள். லாம்பர்ட் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறைந்து கிடந்த மான்கறி சாசேஜை அவன் மனைவி எடுத்து வந்து பொரித்து வைத்தாள். தான் சுட்ட மானைத் தன் துக்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனான் என்று எல்லாரும் நெகிழ்ந்தார்கள். எல்ராய் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டான், அழுதுகொண்டே.

அதனால் ஆபரேஷன் மேசையில் ஏறுவதற்கு முன்னால் அந்த மானைப் பார்த்துவிட வேண்டும். அண்ணன் சுட்டதெல்லாம் உள்ளூர் மான்தான். அவனுக்குக் கிடைக்காதது தனக்காவது கிடைக்கட்டும். இதுதான் அவன் நியாயம். இந்த நியாயத்தில் லவோனுக்கு அவன் இடம் வைக்கவில்லை. லவோன் அவன் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டபோது, வாயு என்று சொன்னான். "தெரிஞ்ச சமாச்சாரம்தானே," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வெளி மாநிலத்துக்காரன் வயோமிங்கில் நினைத்தபோது போய் மான் சுட முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்குக் குலுக்கல். குலுக்கலில் முன்னால் நிற்க வருஷத்துக்கு ஒரு புள்ளி காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அதிகப் புள்ளி வைத்திருப்பவனுக்கு முதல் மரியாதை. அந்த இரலைக்கு உடம்பில் புள்ளி கிடையாது. ஆனால் புள்ளி இல்லாமல் அது கிடைக்காது. எல்ராயிடம் ஒன்பது புள்ளி இருந்தது. அதாவது ஒன்பது வருஷமாக அவன் அந்தப் பயணத்தைப் போகாமல் இருந்தான். பயணம் செலவு, புள்ளி மலிவு. மலிவானதை வாங்கி வைத்தால் வீணாகாது என்பது அவன் சித்தாந்தம்.

பக்கத்து வீட்டு டெல்மர் அவனோடு பனிவண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். முதுகு போனவன். விஷயத்தை எல்ராய் அவனிடம் மட்டும் சொன்னான். மனப்பாரம் இறங்க வேண்டும் என்பது ஒரு காரணம். டெல்மரிடம் நல்ல ஐஸ்பெட்டி இரண்டு இருந்தது இன்னொரு காரணம்.

"தங்கறது எங்கடா?" என்று கேட்டான் டெல்மர்.

"வண்டி பின்னாடி மெத்தை போட்டுக்குவேன்."

"சாப்பாடு?"

"அவிச்ச முட்டை."

"எத்தனை நாளைக்கு?"

"முட்டை நாறற வரைக்கும்."

"குளிக்க வேணாமா? நாத்தத்துக்கு மான் ஓடிடுமே."

"இந்த மானுக்குக் கண்ணுதான் கூர்மை. மூக்கப் பத்திக் கவலையில்ல."

டெல்மர் தன் முதுகைத் தடவிக்கொண்டான். பிறகு, "சுட்டப்புறம் யாரு தூக்குவா? நீ தூக்கக் கூடாதுன்னாங்களே," என்றான்.

"நாலா வெட்டித் தூக்குவேன்."

"அந்த நாலுல ஒண்ணு தூக்கறப்ப வெடிச்சிடுச்சுன்னா?"

"அதுக்குள்ள மூணு வண்டில ஏறியிருக்கும்," என்றான் எல்ராய்.

டெல்மர் எழுந்துபோய் ஐஸ்பெட்டிகளை எடுத்து வந்து கொடுத்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான். டெல்மரிடம் சொன்ன ரகசியமும் சல்லடையில் ஊற்றிய பாலும் ஒன்று என்பது எல்ராய்க்குத் தெரியாததல்ல. ஆனால் ஐஸ்பெட்டி இலவசம்.

இதற்கு நடுவில் அவனுக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. முப்பத்திநாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சாவை மறைப்பது லேசான காரியமில்லை. சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அன்றைக்கே தூக்கிக்கொண்டுபோய் மேசையில் போட்டுவிடுவாள். அதனால் சொல்லாத பாவத்துக்குப் பரிகாரமாக அவன் நல்லவனாக மாறினான். பதினோரு வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த பின்கட்டுக் கதவைக் கழற்றிச் சரிசெய்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவினான். லவோன் செய்யும் மீன்நூடுல்ஸை, அது சிமெண்ட் மாதிரி இறுகிப்போன ஒருநாள், அருமை என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டான். லவோன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் சாப்பாட்டு விடுதியில் பொரித்த மீன். அதில் லூத்தரன், கத்தோலிக்கன் பேதம் கிடையாது. அங்கேதான் எல்ராய் பேச்சை எடுத்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் கத்த மாட்டாள் என்று கணக்கு.

"லவோன், இந்த அக்டோபர்ல வயோமிங் போலாம்னு இருக்கேன். மான் வேட்டைக்கு."

"சரி."

"பத்து பைசா அனாவசியமா ஆகாது. எல்லாம் யோசிச்சுட்டேன்."

"சரின்னேனே."

"தனியாத்தான் போறேன்."

லவோன் மீனில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சாவகாசமாக ஒரு துண்டு சாப்பிட்டாள். "நானும் வரேன்," என்றாள்.

எல்ராய்க்குப் புரையேறியது. வேட்டை என்றாலே இளப்பமாகப் பேசுகிறவள். குளிரில் மரத்தின் மேல் உட்கார்ந்து தூங்குவதற்குப் பெயர் வேட்டையா என்று கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்கிறவள். சின்ன வயதில் அப்பாவோடு வாத்து சுட்டவள்தான், ஆனால் அதோடு சரி. அவள் இப்போது வருகிறேன் என்கிறாள்.

"அங்க வசதியெல்லாம் இருக்காது லவோன்."

"இங்க மட்டும் இருக்கா?"

"வண்டிலதான் படுக்கணும்."

"உன் குறட்டை வீட்டுல கேட்டா என்ன, வண்டில கேட்டா என்ன. ஆனா சும்மா வேடிக்கை பாக்க வரமாட்டேன். எனக்கும் சேத்து சீட்டு போடு. தனித்தனியா வேணாம், ஒரே கூட்டு விண்ணப்பமாப் போடு. உனக்கு விழுந்து எனக்கு விழலன்னா, நான் என்ன அந்தப் பொட்டல்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னிட்டு இருக்கணுமா?"

"உனக்குத்தான் ஒரு புள்ளிகூட இல்லையே."

"உன்கிட்ட ஒன்பது இருக்குல்ல. ரெண்டு பேருக்கும் தாராளம்."

ஒன்பது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று எல்ராய் திகைத்தான். வருஷா வருஷம் அந்தப் பணத்தை சர்ச் பரிசுச் சீட்டில் தோற்றதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தான். அவளே சொன்னாள்.

"வருஷா வருஷம் ஒரே தொகை தோத்தியே. சூதாட்டத்துல அவ்வளவு ஒழுங்கா யாரும் தோக்க மாட்டாங்க எல்ராய்."

அவன் தலையைக் குனிந்து மீனைப் பார்த்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசிப் பயணம், அதில் மனைவியும் கூட வருகிறாள். என்னதான் வாய் நீளமானாலும் நல்லவள் என்று உருகினான். உருகும்போதே உள்ளே இன்னொரு கணக்கும் ஓடியது. வண்டி ஓட்ட இரண்டு ஆள் என்றால் வழியில் எங்கும் தங்க வேண்டாம். தூக்குவதற்கும் ஆள் ஆயிற்று. பள்ளிக்கூடத்து அண்டாவை ஒற்றையாளாக இறக்குகிறவள், கால் மான் அவளுக்கு எம்மாத்திரம். அன்பும் சிக்கனமும் ஒரே பக்கம் சேர்ந்தால் எல்ராய் எதற்கும் சம்மதிப்பான். சம்மதித்தான்.

விண்ணப்பத்தைச் சமையலறைக் கம்ப்யூட்டரில் லவோன்தான் தட்டினாள். எல்ராய் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அதிகாரம் செய்தான். எந்தப் பகுதி, எத்தனையாம் தேதி, எந்தத் துப்பாக்கி என்று விதிமுறைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னான். ஒன்பது வருஷமாகக் கழிவறையில் வைத்துப் படித்த புத்தகம். கூட்டு விண்ணப்பம் பற்றிய பக்கம் ஒன்றைத்தான் அவன் புரட்டியதில்லை. கூட வர இதுவரை யார் இருந்தார்கள்?

"இங்க ஒரு பக்கம் சட்டதிட்டம் போட்டிருக்கான்," என்றாள் லவோன். "படிச்சுக் காட்டட்டுமா?"

"எனக்கேவா? நீ அடுத்தத அமுக்கு."

அவள் அமுக்கினாள்.

மே மாதம் பிறந்தது. வலி வந்து வந்து போனது. ஒருநாள் நிலவறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டிக்கு உப்பு மூட்டை போட வேண்டியிருந்தது. தூக்கக் கூடாதுதான். தூக்காவிட்டால் லவோனுக்குச் சந்தேகம் வரும். பாதித் தூக்கியதும் முதுகுக்குள் கத்தி இறங்கியது போல ஒரு வலி. மூட்டையைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தான். மானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், லவோன் ஒருமுறை கீழே வந்தால் போதும் என்று இருந்தது. கூப்பிட வாய் வரவில்லை.

"எல்ராய், அங்க என்ன பண்ற?" மேலேயிருந்து குரல்.

"யோசிச்சுட்டு இருக்கேன்."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?"

அவள் இறங்கி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூட்டையைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, இந்த நிலவறைக்கு வெள்ளையடித்து எத்தனை காலமாயிற்று என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு மூச்சு சீராகும்வரை பேசினாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். வெள்ளையடிக்கச் செலவு அதிகம் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டான்.

ஜூனில் குலுக்கல் முடிவு வந்தது. எல்ராய் ஸ்வோபோடா, சீட்டு இல்லை. லவோன் ஸ்வோபோடா, சீட்டு இல்லை.

அவன் நம்பவில்லை. அந்தப் பகுதிக்கு ஆறு புள்ளி இருந்தாலே போதும் என்பது ஊரறிந்தது. ஒன்பது வைத்திருப்பவனுக்கு இல்லையென்றால் நாடு எங்கே போகிறது என்று வயோமிங் அலுவலகத்துக்கே போன் செய்தான். எடுத்த பெண் மிகவும் மரியாதையானவள். கூட்டு விண்ணப்பத்தில் எல்லாருடைய புள்ளியையும் கூட்டி ஆள்கணக்கில் வகுப்போம் ஐயா, உங்கள் ஒன்பதையும் உங்கள் மனைவியின் பூஜ்யத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாலரை, ஆறுக்கு நாலரை காணாது, புத்தகத்தில் தெளிவாக இருக்கிறதே என்றாள்.

எல்ராய் போனை வைத்தான். மானும் போயிற்று, மானமும் போயிற்று.

"என்னவாம்?" என்று கேட்டாள் லவோன்.

"கூட்டுன்னா கூட்டிட்டுப் போறதுன்னு நெனச்சேன். அவங்க கூட்டி வகுத்துட்டாங்க."

"அடப்பாவமே. அப்ப என்னாலதான் போச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. எப்படிச் சொல்வது? படித்துக் காட்டட்டுமா என்று கேட்டவளை அடுத்ததை அமுக்கு என்று சொன்னவன் அவன்தானே. உன் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான்.

உடனே விட்டுவிடவில்லை. மிச்சமிருக்கும் பெண்மான் சீட்டுகளை ஜூலையில் விற்பார்கள். அதையாவது வாங்கலாம் என்று வரைபடத்தை விரித்தான். சீட்டு மிச்சமிருக்கும் இடமெல்லாம் பண்ணைக்காரர்கள் நிலம். வேலிக்குள் கால் வைக்கவே கட்டணம். அந்தத் தொகையைக் கேட்டதும், வயிற்றில் உப்பியிருப்பது அப்போதே வெடித்துவிடும் போலிருந்தது. வரைபடத்தை மடித்து வைத்தான். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு எதிர்பார்க்க எதுவும் இல்லை. அக்டோபர் வெறும் மாதமாகிவிட்டது. ஆபரேஷன் மட்டும்தான் பாக்கி.

இரண்டு நாள் கழித்து லவோன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். "அக்டோபர் சும்மாத்தானே கிடக்கு. அதுக்காக வேற எதையாவது தள்ளி வெச்சிருந்தியா?"

எல்ராய் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ரத்தக்குழாய், கோடைக்கெடு, லாம்பர்ட், பயம். எப்போதிலிருந்து தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கை நிற்கவில்லை. தோல் நீளமாக, அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. அவன் முடித்ததும், "சரி, போன் பண்ணு," என்று மட்டும் சொன்னாள். அழுவாள், கத்துவாள், ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என்று அவன் தயாராக இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டலாம் என்று அலமாரியைத் திறந்தபோது பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. செருப்புகூட உள்ளே இருந்தது. எவ்வளவு சுறுசுறுப்பானவள் என்று வியந்தான். அதற்குமேல் அவன் புத்தி போகவில்லை.

ஆபரேஷன் நாள். காலையிலேயே அவனுக்குப் பின்பக்கம் திறந்த அங்கியை மாட்டிச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். வயிற்று மயிரை மழித்திருந்தார்கள். லவோன் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்.

"லாம்பர்ட்டும் இப்படித்தான் படுத்திருந்தான்."

"லாம்பர்ட் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டுட்டு வந்து படுத்தான். நீ மூணு மாசத்துல வந்துட்ட."

மூன்று மாதம். அவளிடம் அவன் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அப்போதும் மார்ச் மாதக் கதையைச் சொல்லவில்லை. எல்ராய் தலையை மெல்லத் திருப்பினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பின்கட்டுக் கதவ சரி பண்ணினியே, அன்னிக்கு. கேக்காமலே ஒரு ஆம்பள கதவு சரி பண்ணினா, ஒண்ணு வெளில ஒருத்தி இருக்கணும், இல்ல உள்ள ஒரு வியாதி இருக்கணும். உன் மூஞ்சிக்கு ஒருத்தி வாய்ப்பில்ல."

"டெல்மரா?"

"செர்ரி பழம் வெச்ச பை பலகாரம் சுட்டு அவனுக்கு எடுத்துட்டுப் போனேன். மொதல் துண்டுல உன் ரத்தக்குழாய் வந்துச்சு. ரெண்டாவது துண்டுல அவனும் அவன் மச்சினனும் கூட்டா விண்ணப்பம் போட்டு, கூட்டி வகுத்ததுல ஒண்ணுமில்லாமப் போன கதை வந்துச்சு. வெக்கப்பட்டுட்டு உன்கிட்டகூடச் சொல்லலையாம்."

எல்ராய் எழுந்து உட்காரப் பார்த்தான். கட்டிலின் கம்பி தடுத்தது. "அப்ப வேணும்னேதான் பண்ணினியா?"

"ஆமா."

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போயிருப்ப. முப்பத்திநாலு வருஷத்துல நான் வேணாம்னு சொன்ன எதை விட்டிருக்க?" அவள் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தப் பொட்டல்ல, தோள்ல கால் மானை வெச்சுட்டு நீ விழுந்து கிடப்ப. ஒரு நாளோ ரெண்டு நாளோ, யாராவது பாக்கற வரைக்கும். அப்புறம் எனக்கு போன் வரும். ரெண்டு மாநிலம் தாண்டி நான் ஒத்தையா வண்டி ஓட்டிட்டு வரணும். வந்து, இது எம் புருஷன்தான்னு சொல்லணும். அத நான் தினமும் யோசிச்சுட்டு இருந்தேன் எல்ராய். பாத்திரம் கழுவறப்ப நீ பக்கத்துல நின்னு பாட்டு பாடற. எனக்கு உன் மண்டையிலயே சட்டிய போடணும்போல இருந்துச்சு."

அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். எல்ராய் கம்பிக்கு இடையில் கையை விட்டு அவள் விரலைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் அவன் எல்ராய் ஸ்வோபோடா.

"என் புள்ளியெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. சீட்டு விழலன்னா புள்ளி போகாது. இந்த வருஷத்துக்கு ஒண்ணு சேந்து பத்து. அடுத்த வருஷம் தனியாப் போடு, கண்டிப்பா விழும்."

ஆபரேஷன் அறையிலிருந்து தாதி வந்தாள். கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் விடுவித்தாள். எல்ராய் லவோனின் விரலை இறுக்கினான்.

"நான் முழிக்கலன்னா, உன் பேருக்கு மாத்திக்கோ."

"அது முடியாதாம். போன் பண்ணிக் கேட்டேன். செத்தவன் புள்ளி செல்லாது."

"கட்டின பணமாவது?"

"திருப்பித் தரமாட்டாங்களாம். அதையும் கேட்டேன்."

கட்டில் நகர ஆரம்பித்தது. எல்ராய் தலையைத் தூக்கி, பின்னால் நின்றுவிட்ட மனைவியைப் பார்த்தான். பத்து வருஷத்துப் புள்ளி, ஒரு மானைக்கூடக் கண்ணால் பார்க்காமல். அவன் முகத்தில் பயம் போய் உண்மையான துக்கம் தெரிந்தது.

"அப்ப அத்தனையும் வீணா?"

"ஆமா," என்றாள் லவோன். "அதனால ஒழுங்கா முழிச்சுக்கோ."